எவம்லே எத்துனது?

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'இயன்முறை மருத்துவர்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். பார்த்ததும் எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது. எங்கள் தெருவில் 'கரண்டு வைக்கிற டாக்டர் வீடு' என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். வெட்டித் தைக்கிறவர் ஒரு மணி நேரத்தில் கையுறையைக் கழற்றிவிடுவார். அதற்குப் பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ அந்தக் காலோடு மல்லுக்கு நிற்கிறவன் நான். குதிகால் நாண் அறுவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டதில் அந்த வகையில் ஒரு நியாயம் இருக்கிறது.

ஒரு கோயில் கொடையில் தொடங்குகிறேன். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு ஊர். 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடினாரே மணத்தி கணேசன், அவருடைய ஊர்ப் பக்கம். அங்கெல்லாம் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பாடிப்போகவும் பழகிவிடும். கொடை முடிந்த மறுநாள் சாயங்காலம், கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் கபடி. உங்கள் ஊரிலும் நடக்கும். கல்யாணமானவர்கள் தோற்பதற்கென்றே நடத்துகிற போட்டி அது. சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தவர், வயது 38, பத்து வருடமாக லாரி ஓட்டுகிறவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாடிப்போனார், ஒருவனைத் தொட்டார், கோட்டுக்குத் திரும்ப வலது காலை ஊன்றி எம்பினார். காய்ந்த தென்னை மட்டையை முறித்தது மாதிரி ஒரு சத்தம். ஆள் விழுந்தார். விழுந்தவர் முதலில் செய்தது, கோபமாகப் பின்னால் திரும்பிப் பார்த்ததுதான்.

"எவம்லே எத்துனது?"

"ஏ மக்கா, பின்னால ஆளே இல்லலே."

இருபது வருடத்துக்கு மேலாக இந்த நோயாளிகளைப் பார்க்கிறேன். விளையாட்டில் நாண் அறுந்தவர்களில் பெரும்பாலோர் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். யாரோ பின்னாலிருந்து உதைத்தார்கள், கல்லால் எறிந்தார்கள், பேட்டால் அடித்தார்கள். திரும்பினால் யாரும் இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2013 ஏப்ரல் 12 அன்று களத்தில் விழுந்தபோதும் எதிராளியிடம் "என்னை உதைத்தாயா" என்று கேட்டதாகப் படித்திருக்கிறேன். அதைவிட முக்கியம், அடுத்து அவர் செய்தது. நாண் முழுதாக அறுந்த காலோடு எழுந்து, கோட்டுக்குப் போய் நின்று, இரண்டு பந்தை வளையத்தில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். நம் சவுதிக்காரரும் எழுந்தார். நொண்டி நொண்டிப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து சோடா குடித்தார். 'நடக்காம்லா, ஒண்ணுமில்ல, சுளுக்கு' என்று தீர்ப்பாகிவிட்டது. மூன்று வாரம் எண்ணெய் போட்டு உருவினார்கள். நாலாவது வாரம் என்னிடம் வந்தார், டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டு.

நடக்க முடிந்தால் அறவில்லை என்று நினைப்பதுதான் இதில் முதல் ஏமாற்று. பாதத்தைக் கீழே அழுத்த கெண்டைக்கால் தசை மட்டும் இல்லை. விரல்களை மடக்குகிற தசைகள், கணுக்காலின் இரண்டு பக்கமும் ஓடுகிற தசைகள் என்று சில்லறை ஆட்கள் உண்டு. முதலாளி போனாலும் அவர்கள் கடையைத் திறந்து வைத்திருப்பார்கள். வியாபாரம் நடக்காது, அவ்வளவுதான். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு நன்றாக இருக்கும். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. அதனால் ஐந்தில் ஒன்று முதல் தடவை கோட்டை விடப்படுகிறது என்று உலகம் முழுக்க எழுதியிருக்கிறார்கள். நம் பக்கம் அதைவிடக் குறைவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது ஏமாற்று நம் வார்த்தையில் இருக்கிறது. 'நரம்பு அந்து போச்சு' என்பார்கள். நமக்கு எல்லாமே நரம்பு. ஊசி போடுகிற ரத்தக்குழாயும் நரம்பு, கை மரத்துப் போனால் அதுவும் நரம்பு, யாழில் கட்டினதும் நரம்பு. நாண் அறுந்தவருக்கு யாராவது நரம்புக்கு என்று சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். அவரும் மூன்று மாதம் தின்பார். பாடநூல்காரர்கள் வைத்த 'தசைநாண்' நல்ல சொல். வில்லில் கட்டுகிற நாண். தளர்ந்தால் வில் எவ்வளவு நல்ல வில்லானாலும் அம்பு காலடியில் விழும். இந்தத் தளர்ச்சியைப் பற்றித்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன், கொஞ்சம் பொறுங்கள்.

குதிகாலுக்குப் பின்னால், மேலே, இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்த கயிறு மாதிரி இருக்கிறதல்லவா? அதுதான். கெண்டைக்காலின் இரண்டு தசைகள் கீழே சேர்ந்து, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்கிக் குதி எலும்பில் பதிகின்றன. உடம்பிலேயே தடிமனும் வலுவும் கூடிய நாண். ஓடும்போது உடல் எடையைப்போல் ஆறு, எட்டு மடங்கு இழுவையைத் தாங்கும். 70 கிலோ ஆளென்றால் ஏறத்தாழ அரை டன். இழைகள் நேராக இறங்குவதில்லை. கால்வாசிச் சுற்றுத் திரும்பி, முறுக்கிக்கொண்டு இறங்குகின்றன. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடத்தைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், வடத்துக்குப் பலமே முறுக்குதான்.

அப்படிப்பட்டது ஏன் அறுகிறது? ரத்தம் அதற்கு மேலே தசையிலிருந்தும் கீழே எலும்பிலிருந்தும் வருகிறது. எலும்புக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டர் வரை உள்ள இடம் கடைமடை. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டில் ஸ்ரீவைகுண்டம் கடைசி. அதற்கும் கீழே வாய்க்காலின் வால்பகுதியில் வயல் வைத்திருப்பவரிடம் தண்ணீர் வருகிற அழகைக் கேளுங்கள். நாணிலும் அந்த இடத்தில்தான் இழை முதலில் நைகிறது. முப்பது வயதுக்குமேல் நைந்துகொண்டே வரும், வலிக்காது. வாரம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆட இறங்குகிற ஆண்தான் இதற்கு உகந்த இரை. சபையில் நாலைந்து பேர் காலைத் தடவிப் பார்க்கிறீர்கள். பயப்படுவதற்குச் சொல்லவில்லை.

இந்த நாணுக்கு அக்கிலிஸ் என்ற பெயர் எப்படி வந்ததென்று ஒருவர் கேட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். கிரேக்கக் கதையில் அக்கிலிஸ் என்ற பிள்ளையை அவன் அம்மா குதிகாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் முக்கி எடுத்தாள். பிடித்த இடம் நனையவில்லை. நமக்குத் துரியோதனன் தொடை இருக்கிறது, அவர்களுக்குக் குதிகால். வெர்ஹேயன் என்ற ஃபிளெமிஷ் உடற்கூற்றியலாளர் 1693இல் தம் நூலில் அந்தப் பெயரை நாணுக்கு வைத்தார். அவருக்கே ஒரு கால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. பெயர் வைத்தவர் கதை, பெயரின் கதையைவிட எனக்குப் பிடிக்கும்.

இப்போது ஒரு சின்ன வித்தை. தம்பி, நீங்கள் மேடைக்கு வாங்க. செருப்பைக் கழற்றிவிட்டு இந்த நாற்காலியில் முட்டி போடுங்கள், பாதம் வெளியே தொங்கட்டும். கெண்டைக்காலை இப்படிப் பிசைகிறேன். பாருங்கள், பாதம் தானாகத் தலையாட்டுகிறது. இந்தக் காலும் ஆட்டுகிறது. அறுந்த காலில் எவ்வளவு பிசைந்தாலும் பாதம் சும்மா தொங்கும். இங்கிலாந்தில் சிம்மண்ட்ஸ் இந்தச் சோதனையை 1957இல் எழுதினார், அமெரிக்காவில் தாம்சன் 1962இல் எழுதினார். ஸ்கேன் வேண்டாம், கரண்டு வேண்டாம், ஒரு நாற்காலி போதும். சந்தேகம் இருந்தால் அப்புறம் அல்ட்ராசவுண்ட். நன்றி தம்பி, கால் நன்றாக இருக்கிறது, போய் உட்காருங்கள். உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது வந்திருந்தால் இதை வீட்டில் நாலு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள். மைதானத்தில் முதலில் பார்க்கிறவர் நீங்கள்தான்.

மேல்நாட்டுப் புத்தகங்களில் அதிகம் இல்லாத ஒரு அத்தியாயம் நம்மிடம் இருக்கிறது. சபையில் சொல்லச் சங்கடம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். கக்கூஸ். நான் பார்த்த அறுந்த நாண்களில் கபடியில் போனதைவிடக் கக்கூஸ் பீங்கானில் போனது அதிகம். நம் நாட்டு எலும்பு மருத்துவ இதழ்களில் இதற்கென்றே கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஈரத்தில் வழுக்கி ஒரு கால் கோப்பைக்குள் போகிறது. பழைய பீங்கான் உடைகிறது. பயத்தில் காலை வெடுக்கென்று மேலே இழுக்கிறோம். உடைந்த விளிம்பு அரிவாள் மாதிரி குதிகாலுக்குப் பின்னால் இறங்குகிறது. அடுத்தபடியாக, பைக்கில் பின்னால் உட்கார்ந்த பிள்ளைகளின் குதிகால் சக்கரக் கம்பியில் மாட்டுவது.

சேரன்மகாதேவிப் பக்கத்து ஆச்சி ஒருவர், வயது 60க்கு மேல், இப்படித்தான் வெட்டுப்பட்டு ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார். எந்த இடம் என்பது வேண்டாம். தோலுக்கு நாலு தையல், ஒரு டி.டி. ஊசி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே நாண் அறுந்ததை யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து 'படி ஏற ஏலலையே தம்பி' என்று வந்தார். அதற்குள் நாணின் மேல்முனை தசையோடு மேலே சுருங்கி ஓடிவிட்டது. இடைவெளி நாலு விரற்கடை. இனி இரண்டு முனையையும் இழுத்துக் கட்ட முடியாது. கால் பெருவிரலை மடக்குகிற நாணை எடுத்துக் குதி எலும்பில் பதிக்க வேண்டும் என்று அறுவை மருத்துவர் சொன்னார். ஆச்சிக்கு ஒரே கவலை: "மெட்டி போடுத வெரலா?" இல்லை ஆச்சி, அது பக்கத்து விரல், விரல் இருந்த இடத்தில்தான் இருக்கும், கயிற்றை மட்டும்தான் இடம் மாற்றுகிறார்கள் என்றேன். "அப்பம் செய்யச் சொல்லும்" என்றார். செய்தார்கள். இப்போது கோயிலுக்கு நடந்து போகிறார். முதல் நாளே பார்த்திருந்தால் கதை கால்வாசியில் முடிந்திருக்கும்.

அதனால் குதிகாலுக்குப் பின்னால் எந்த வெட்டு விழுந்தாலும், எவ்வளவு சின்னதானாலும், அந்தப் பிசைகிற வித்தையைச் செய்துபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்டுப்பட்ட நாணுக்கு அறுவை சிகிச்சைதான். நன்றாகக் கழுவி, அழுக்கை எடுத்து, தைக்க வேண்டும். அதில் விவாதம் கிடையாது.

தானாக அறுந்ததற்கு அறுவை தேவையா என்பதில்தான் விவாதம். முதலில் அறுவை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குப்புறப் படுக்க வைத்து, முதுகில் மயக்க ஊசி போட்டு, நாணின் உட்பக்கமாகச் சற்று ஒதுங்கிக் கீறுவார்கள். வெளிப்பக்கம் உண்மையான நரம்பு ஒன்று ஓடுகிறது, அது அடிபட்டால் பாதத்தின் ஓரம் மரத்துவிடும். உள்ளே அறுந்த முனைகள் கத்தியால் வெட்டினது மாதிரி இருக்காது. தேய்ந்த விளக்குமாற்று நுனி மாதிரி பிரிபிரியாக இருக்கும். ஒவ்வொரு முனையிலும் பூட்டுப் பூட்டாக ஏறி இறங்கும் தையல் போட்டு, பாதத்தைக் கீழே வளைத்து, இரண்டையும் சேர்த்து முடிவார்கள். மேலே மெல்லிய உறையை மூடி, தோல். அந்த இடத்துத் தோல் மெலிசு. சர்க்கரை நோயாளிக்கும் புகைபிடிப்பவருக்கும் நாண் சேர்ந்துவிடும், தோல் சேராது. அதுதான் மருத்துவர்களைத் தூங்கவிடாத விஷயம்.

நார்வேயில் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்து, 526 பேரின் முடிவை 2022இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்குத் திறந்து தைத்தார்கள், ஒரு பிரிவுக்குச் சின்னக் கீறல், மூன்றாவது பிரிவுக்கு அறுவையே இல்லை. பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டி, முறையான பயிற்சி. ஒரு வருடம் கழித்து மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே அளவு நலமாக இருந்தார்கள். வித்தியாசம் எங்கே? அறுவை செய்யாதவர்களில் 6.2 சதவீதம் பேருக்கு மறுபடி அறுந்தது, தைத்தவர்களில் 0.6 சதவீதம். அதற்குப் பதில், சின்னக் கீறல் போட்டவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு நரம்பு அடிபட்டது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற கணக்கு. நல்ல சர்க்கரைக் கட்டுப்பாடு இல்லாத, வயதான, ஓடியாட வேண்டாத ஆளுக்கு நான் கத்தியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். கபடிக்குத் திரும்ப வேண்டிய 25 வயதுப் பையனைத் தைக்கச் சொல்வேன். ஆனால் அறுவை வேண்டாம் என்ற வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: முதல் சில நாளிலேயே பாதத்தை வளைத்துக் கட்டியிருக்க வேண்டும். மூன்று வாரம் எண்ணெய் உருவிவிட்டு வருகிறவருக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும். நம் பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொக்கணத்தின் மேல், அதாவது சித்த மருத்துவத்தில் பிடித்து உருவுகிற முறையின் மேல், எனக்கு மரியாதை உண்டு. அறுந்த நாணின் மேல் அது ஆகாது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

இனி என் பகுதி. தைத்தாலும் தைக்காவிட்டாலும் முதல் இரண்டு வாரம் பாதம் கீழ்நோக்கிய கட்டில். பிறகு உயரமான பூட்ஸ். உள்ளே குதிகாலுக்கு அடியில் மூன்று நாலு ஆப்புத் துண்டுகள். விலைக்கு வாங்க முடியாதவர்களுக்கு ஹவாய் செருப்பை அறுத்து நானே ஆப்பு செய்து கொடுத்திருக்கிறேன். ஊன்றுகோலோடு அந்தப் பூட்ஸில் கால் ஊன்றலாம்; ஊன்றினால்தான் நாண் எந்தத் திசையில் இழைபோட வேண்டும் என்று அதற்குத் தெரியும். ஓரிரு வாரத்துக்கு ஒரு ஆப்பை உருவிக்கொண்டே வந்தால் எட்டு வாரம் வாக்கில் பாதம் சமமாகும். பூட்ஸைக் கழற்றுகிற அந்த நாட்களில்தான் ஆபத்து. 'நல்லாயிட்டு' என்று குளியலறைக்கு வெறுங்காலோடு போய், வழுக்கி, அறுந்த இடத்திலேயே மறுபடி அறுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆற்றுப் படித்துறைப் பாசி இன்னும் மூன்று மாதம் காத்திருக்கும், அவசரமில்லை. நடுவில் கெண்டைக்கால் வீங்கி இறுகினால், மூச்சு வாங்கினால், என்னிடம் வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரி, ரத்தம் உறைந்திருக்கலாம்.

தளர்ச்சியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அது என் தப்பிலிருந்து கற்றது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார். நன்றாகத் தைத்திருந்தார்கள். ஐந்தாவது வாரத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஸார், எப்பம் குத்த வச்சு உக்காரலாம்?" வீட்டில் இந்தியக் கக்கூஸ்தான். அவர் கேட்டதில் தவறில்லை. வெள்ளைக்காரன் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டான், அவன் புத்தகத்தில் பதிலும் இருக்காது. எனக்கோ இறுக்கம்தான் எதிரி என்று நினைப்பு. தினமும் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினேன். பத்தாவது வாரம் அவர் என் முன்னால் குதி தரையில் படிய ஜம்மென்று குத்தவைத்தார். திருநெல்வேலிக்காரன் நன்றி எப்படிச் சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும். சுடச்சுட அரைக் கிலோ வந்தது. நானும் தின்றேன்.

ஆறு மாதம் கழித்து வந்தார். வேட்டியைத் தூக்கிக் காட்டினார். அந்தக் கெண்டைக்கால் பாதியாகச் சூம்பியிருந்தது. வேலைக்குப் போகிறார், நடக்கிறார். ஆனால் படிக்கட்டில் எம்பி ஏற முடியவில்லை. பஸ்ஸில் மேல் பலகையில் இருக்கிற பையை எக்கி எடுக்க முடியவில்லை. குப்புறப் படுக்கவைத்து முட்டியை மடக்கச் சொன்னேன். நல்ல காலின் பாதம் கொஞ்சம் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கால் பாதம் தொப்பென்று சாய்ந்தது. நாண் சேர்ந்துவிட்டது, நீளமாகச் சேர்ந்துவிட்டது. நீட்டினவன் நான். இறுகிச் சேர்ந்த நாணை நாலாவது மாதத்திலும் ஐந்தாவது மாதத்திலும் பையப் பையத் தளர்த்திக்கொள்ளலாம். நீண்டு சேர்ந்ததை எந்தப் பயிற்சியாலும் குறுக்க முடியாது. அந்த அல்வாவை நினைத்தால் இன்றும் தொண்டையில் நிற்கும்.

அன்றிலிருந்து முதல் மூன்று மாதம் யார் பாதத்தையும் சமநிலைக்கு மேல் நான் தள்ளுவதில்லை. 'இறுக்கமா இருக்கு' என்று புகார் சொன்னால் சந்தோஷப்படுகிறேன். கக்கூஸுக்கு பிளாஸ்டிக் கமோடு நாற்காலி வாங்கச் சொல்கிறேன். குத்தவைப்பது ஐந்தாறு மாதத்துக்குப் பிறகு. வீட்டில் உட்கார்ந்து செய்கிற பயிற்சியெல்லாம் கீழ்நோக்கி அழுத்துவதுதான்: முதலில் வெறும் அசைவு, பிறகு ரப்பர் பட்டை, பிறகு இரண்டு காலில் எக்கி நிற்பது, கடைசியில் ஒற்றைக்காலில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். கிராமத்தில் இருப்பவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் அறுவை செய்தவர் எழுதிக் கொடுத்த வார அட்டவணையை அவரிடம் காட்டிவிடுங்கள். அவரும் என்னைப்போல் புதிதாக இருக்கலாம்.

எவ்வளவு நாளாகும்? கிரிக்கெட் வீரர் முகமது ஷமிக்கு இருந்தது முழு அறுவல் இல்லை, ஆனாலும் குதிநாணுக்காக 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் அறுவை செய்துகொண்டார். ரஞ்சி ஆட்டத்துக்குத் திரும்பியது நவம்பரில். காசு, ஆள், கருவி எல்லாம் உள்ளவருக்கே ஒன்பது மாதம். நம் சவுதிக்காரர் எட்டு மாதத்தில் லாரி ஏறினார், கபடியை விட்டுவிட்டார்.

மருந்து பற்றி ஒன்றே ஒன்று. வயிற்றுப்போக்கு என்று கடையில் சீட்டில்லாமல் வாங்குகிறீர்களே, சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், அந்த வகை மாத்திரைகள் நாணை நைய வைக்கக்கூடும். அமெரிக்க மருந்துத் துறை 2008இல் அவற்றின் மேல் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையே வைத்தது. அறுபது வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கூடுதல் கவனம். மருத்துவர் எழுதினால் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது குதிகால் வலித்தால் அன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள்.

நேரமாகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இன்னும் இரண்டு நிமிடம். எல்லாரும் எழுந்திருங்கள். முன்னால் இருக்கிற நாற்காலி முதுகை ஒரு விரலால் தொட்டுக்கொள்ளுங்கள், பாரம் கொடுக்கக்கூடாது. ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். முட்டி நேராக. குதியை முழுசாகத் தூக்கி எக்குங்கள், இறக்குங்கள். நல்ல காலுக்கு 25 தடவை கணக்கு. நான் எண்ணுகிறேன். ஒன்று... இரண்டு... ஆச்சி, நீங்கள் இரண்டு காலிலும் செய்யுங்கள், போதும்... ஆறு... ஏழு... மூன்றாவது வரிசையில் சிரிப்பவர்கள் அப்புறம் சிரிக்கலாம்... பதினொன்று. நீலச் சட்டை ஐயா, உட்கார்ந்துவிட்டீர்களே. சுளுக்கு என்றா சொன்னார்கள்? எத்தனை மாதமாக? கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள், இந்த நாற்காலியில் வந்து முட்டி போடுங்கள். மற்றவர்கள் நிறுத்த வேண்டாம். பன்னிரண்டு... பதின்மூன்று...